உதிரிப்பழத் தராசு

பாடாங் செராயில் எனக்கு முகவரி இல்லை.
பழைய கித்தா ஸ்டோர், தகரக் கூரை,
ஷட்டரில் பாதி உரிந்த சிவப்பில் 'தொமோய்'.
"டயர் கடைக்குப் பின்னால்" என்று எழுதினால் போதும்,
வந்து சேர்ந்துவிடும்.

இரவு பத்துக்கு எல்லோரும் போனதும்
உள்ளிருந்து பூட்டிக்கொண்டு
ரிங்கிலேயே படுத்துவிடுவேன்.
நாலு மூலையிலும் கம்பம். கொசுவலை கட்ட வசதி.
பாஸ்போர்ட் இடது கை கிளவுஸுக்குள்.
படுக்கையில் பிறத்தியார் வியர்வை.
ஒரே மாதத்தில் எது யாருடையதென்று தெரிந்துபோனது:
ஹஃபிஸுல் இஞ்சித் தைலம்,
லோரி ஓட்டும் குணாளன் டீசல்.
என்னுடையதுதான் எனக்குத் தெரியவில்லை.

கைக்கட்டுத் துணிகள் கயிறெல்லாம் காய்கின்றன,
பிள்ளை பெற்ற வீட்டுக் கொடி மாதிரி.

கோவில்பட்டியிலிருந்து அம்மா:
"ரூமுக்கு ஜன்னல் இருக்கா?"
இருக்கிறது.
ஆணி கழன்ற தகரத்தில்
மூன்று நட்சத்திரம் தெரியும் அளவுக்கு.
"கூட யாரு?"
"பொம்பளைங்கதான்."
குத்துமூட்டைகள் ஆறு தொங்குகின்றன.
அவற்றுக்கு ஆண் பெண் கிடையாது,
ஆகவே பாதிப் பொய்.

விடியுமுன் தோட்டத்தில் பெரட்டு.
ஆள் கணக்கெடுப்புக்கு இங்கே அதுதான் பெயர்.
அவர்கள் தங்கள் பெயருக்குக் குரல் கொடுக்கும் நேரம்
நான் செம்பனை வரிசைக்குள் ஓடுகிறேன்.
மில்லின் புளித்த எண்ணெய் வாடை
நாலாவது கிலோமீட்டர் வரை துணைக்கு வரும்.
உதிரி பொறுக்கும் தேவானை அக்கா
"பசியாறியாச்சா?" என்று கத்துவாள்.
கையை ஆட்டிவிட்டு ஓடுவேன்.
பதினோரு நாளாய் அதே கையாட்டல்.

சனிக்கிழமை கூலிமில் சண்டை.
நாற்பத்தெட்டுக்குள் இருக்க வேண்டும்.
ஜிம் தராசு பைத்தியம்:
ஏறினால் ஐம்பது, இறங்கி ஏறினால் நாற்பத்தாறு.
வெள்ளிக்கிழமை விஷயம் கேட்டு
அக்கா என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப் போனாள்.
மூன்று வருடம் பிடி கழற்றப் பழகியவள் நான்.
அந்தப் பிடியில் சும்மா நடந்தேன்.

பழம் நிறுக்கும் கொட்டகை.
தட்டில் மண், முள், ஆரஞ்சுக் கறை.
செருப்பைக் கழற்றி ஏறினேன்.
கிராணி ஜெயசீலன் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.
"நாற்பத்தெட்டு புள்ளி ஆறு."
கைப்பழக்கத்தில் நோட்டிலும் எழுதிவிட்டார்,
தேவானை பெயருக்கு நேரே,
சாக்குக்கு ஒரு கிலோ கழித்து.
பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து,
"பழுக்கல. திருப்பி அனுப்பு."
வரிசையில் நின்ற பங்களாதேஷ் பையன்கள்
மொழி புரியாமலே சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
அறுநூறு கிராமை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்.

வரும் வழியில் அக்கா கேட்டாள்:
"ஜெயிச்சா என்ன தருவாங்க?"
"எண்ணூறு வெள்ளி."
"தோத்தா?"
"முந்நூறு."
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
"கிலோவுக்கு ஆறு வெள்ளிக்கு மேல விழுது.
இந்தத் தோட்டத்துல எதுக்கும் அந்த விலை இல்ல.
தைரியமா தோத்துட்டு வா."

இரவு ஷட்டரைத் தட்டும் சத்தம்.
திறந்தால் ஆளில்லை.
வாசலில் மூடி போட்ட தூக்குச்சட்டி, கஞ்சி,
மேலே நெத்திலி சம்பால், இன்னும் சூடு.
மூடியில் ஒட்டிய காகிதத்தில்
பென்சிலால்: நிறுத்த பிறகு.

தூக்கிப் பார்த்தேன்.
அறுநூறுக்குக் குறையாது.

எறும்பு ஏறாமல்
எதிராளி உட்காரும் மூலையில் அதை மாட்டிவிட்டு
பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
விளக்கணைத்து
கயிறு தாண்டத் தொடங்கினேன்.
டயர் கடை நாய் குரைத்தது,
ஒவ்வொரு தாவலுக்கும் ஒன்றாக,
கொஞ்ச தூரம் வரை.
அப்புறம் அதுவும் எண்ணிக்கையை விட்டுவிட்டது.